ரமிக் காட்டுக்கு இருபது பேர்

ஏப்ரல் 11, 1943. ஞாயிறு

இன்று காலையில் ஆள் எண்ணும் பெரட்டு இல்லை. கூலிக்கணக்கு எழுதும் பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. எதையாவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஜப்பான்காரர்கள் போட்ட நாட்காட்டியில் வருடம் 2603. எனக்குக் கை பழைய கணக்கில்தான் எழுதுகிறது.

வெள்ளைக்கார துரை தோட்டத்தை விட்டு ஓடி ஒன்றேகால் வருடமாகிறது. ரப்பர் வாங்க ஆளில்லை. பன்னிரண்டாம் நம்பர் காட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்து, ஜனவரியில் ரமி நட்டோம். வேர்த்துண்டுகள் லோரியில் வந்து இறங்கின. இப்போது இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. இலை மேலே பச்சை, அடியில் வெள்ளை. காற்றடித்தால் காடு முழுவதும் வெள்ளையாகப் புரளும். வருடம் பூராவும் இலை உதிராதாம். வெட்ட வெட்டத் துளிர்க்குமாம். தண்டின் பட்டையில் நார் இருக்கிறது. அதில் துணி, கயிறு, மூட்டை எல்லாம் செய்யலாம் என்று ஒகுடா சொன்னார். தோட்டத்துக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி அவர். மலாயில் பேசுவார், எனக்கும் மலாய் வரும். ஆகவே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு நிலைத்தது.

தோட்டத்தில் ரமியைப் பற்றித் தெரிந்தவன் ஒருவன்தான், வையாபுரி. கடற்கரைப் பக்கம் ரமி நாரில் வலை கட்டும் சீனர் ஒருவரிடம் ஐந்து வருடம் இருந்தவன். நடவு முழுக்க அவன் சொன்னபடிதான் நடந்தது.

என் மனைவி மங்களத்தின் தம்பி துரைக்கண்ணு போன மாதம் முதல் எங்களோடு இருக்கிறான். இருபத்திரண்டு வயது. கப்பல் ஆபீசில் வேலை பார்த்தவன். ஆபீசும் இல்லை, கப்பலும் இல்லை.

மே 27. வியாழன்

முதல் அறுவடை. தண்டுகள் விரல் பருமன்தான். வையாபுரி எல்லோரையும் கொட்டகையில் உட்காரவைத்துக் காட்டினான். தண்டை நடுவில் ஒடித்து, பட்டையை இரண்டு பக்கமும் உரித்து, மூங்கில் மேல் பரப்பி, மொண்ணைக் கத்தியால் வழிக்க வேண்டும். பச்சைத் தோலும் பசையும் ஓணான் தோல் மாதிரி கழன்று வருகின்றன.

"வெட்டின அன்னிக்கே வழிச்சிரணும். ஒரு ராத்திரி கிடந்தாலும் பசை பிடிச்சுக்கும். அப்புறம் சாமியே வந்தாலும் நார் வராது" என்றான்.

துரைக்கண்ணு கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான்.

வையாபுரியின் மனைவி பாவாயி மதியம் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் திரும்பிப் போனபிறகுதான் மகள் ஒச்சாயி வேலைக்கு வந்தாள். அதே சேலை. வீட்டுக்கு ஒரு சேலைதான் மிச்சம். ஒருத்தி வெளியே வந்தால் மற்றவள் லயத்து வீட்டுக்குள் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி எங்கள் தோட்டத்தில் பதினோரு வீடு. நார் முழுவதும் லோரியில் ஏறிப் போய்விடுகிறது. ஒரு முழம் எடுத்தாலும் அடி.

ஜூன் 14. திங்கள்

சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயது ஆண்கள் எல்லோரும் மூன்று மாதம் போய்வர வேண்டுமாம். பக்கத்துத் தோட்டத்தில் போன சித்திரையில் ஏற்றிக்கொண்டு போனவர்களிடமிருந்து ஒரு தபாலும் இல்லை.

ஒகுடா சொன்னது: "ரமிக்கு இருபது பேரை வைத்துக்கொள். வேலை தெரிந்தவர்கள் மட்டும். பெயர்களை நீ எழுது. நாளைக் காலை வேண்டும்."

ஆபீஸ் வாசலில் கூட்டம். வையாபுரி கூட்டம் கலைந்தபிறகு தனியாக வந்தான்.

"என் பேரு இருக்குமில்ல, ஐயா?"

"உன் பேர் இல்லாமலா? முதல் பேரே உன்னுடையதுதான்."

அப்படித்தான் எழுதினேன். முதல் பெயர்.

ஜூன் 15. செவ்வாய்

பட்டியலைக் கொடுத்தேன். இருபது பேர்.

மங்களம் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஒரு பெயரை அடித்து எழுதியதால் புதுத் தாளில் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. தாளுக்குத்தான் எவ்வளவு தட்டுப்பாடு.

மழை.

ஜூன் 17. வியாழன்

இரண்டு லோரி. முப்பத்து நான்கு ஆண்கள்.

வையாபுரி தன் பெயர் கூப்பிட்டபோது அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"ஐயா, என் பேரு இருக்குன்னு சொன்னீங்களே."

"ஒகுடா எடுத்துவிட்டார்" என்றேன். "மூன்றே மாதம்தான். போய்ட்டு வந்துடு."

"அப்ப செடிய யாரு பாப்பாங்க?" என்று கேட்டான். அதைத்தான் கேட்டான். லோரி கிளம்பியபிறகும் காட்டைப் பார்த்துக் கையை நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டே போனான். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

ஜூன் 18. வெள்ளி

துரைக்கண்ணுவுக்குக் கத்தி பிடிக்கவே தெரியவில்லை.

ஜூலை 30. வெள்ளி

இரண்டாம் அறுவடையின் நாரை மேலிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வைக்கோல் மாதிரி விறைத்து, மஞ்சளாய், கை வைத்தால் ஒடிகிறது. வெட்டியதை அடுக்கிவைத்து மறுநாள் உரித்திருக்கிறார்கள். சொல்ல ஆளில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மே மாதமே எழுதிவைத்திருக்கிறேன்.

ஒகுடா துரைக்கண்ணுவைக் கன்னத்தில் அறைந்தார். அடுத்து என்னை. பிறகு அமைதியாகச் சொன்னார்: "வேலை தெரிந்தவர்கள் என்றாய். மிச்சக் காட்டை வெட்ட இரண்டு வாரம். அதுவும் இப்படி வந்தால் இருபது பேரும் சயாம்."

இருபது குடும்பம். மங்களம் என் கன்னத்துக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 2. திங்கள்

பாவாயி ஆபீசுக்கு வந்தாள். ஆபீசுக்குள் அவள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

"வேலைய நான் சொல்லித் தரேங்கய்யா. அவரு எனக்கு எல்லாம் சொல்லியிருக்காரு. வழிக்கிறது, ஓடுற தண்ணியில அலசுறது, எந்தச் சாம்பல்ல வேகவைக்கிறது, எல்லாம் தெரியும்."

எனக்கு உயிர் வந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு செய்யணும். அவரத் திருப்பி அனுப்பச் சொல்லி அந்த ஜப்பான்காரருக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கணும். இந்த வேலைக்கே பொறந்த ஆளு அவரு. இவங்களுக்கு நாருதான வேணும்? தெரியாம பேர எடுத்துட்டாங்க. சொன்னா புரிஞ்சுக்குவாங்கல்ல?"

"புரிஞ்சுக்குவார்" என்றேன்.

அவள் முன்னாலேயே எழுதினேன். மலாயில், நல்ல எழுத்தில், முக்கால் பக்கம். வாசித்துத் தமிழில் சொன்னேன். கைநாட்டு வைத்தாள். வைத்த கட்டைவிரலைத் துடைக்காமலேயே காட்டுக்குப் போனாள்.

நாளை கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3. செவ்வாய்

ஒகுடா வந்தார். பேச நேரமில்லை.

ஆகஸ்ட் 9. திங்கள்

நார் வெண்மையாக வருகிறது. கொடியில் காயும்போது பட்டு நூல் மாதிரி மின்னுகிறது. ஒகுடா ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். இருபது பேரும் தப்பித்தோம்.

அவர் கார் கிளம்பியதும் பாவாயி ஓடிவந்தாள். "குடுத்தீங்களா?"

கொடுத்துவிட்டேன் என்றேன். நாளை கொடுத்துவிட்டால் அது உண்மையாகிவிடும்.

மனுவில் ஒரு வரி இருக்கிறது: 'என் கணவர் பெயர் பட்டியலில் தவறுதலாக விடுபட்டுவிட்டது.' பட்டியல் யார் எழுதியது என்று ஒகுடாவுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 20. வெள்ளி

பாவாயியின் கைகளைப் பார்த்தேன். சாம்பல் நீரும் பசையும் பட்டு, விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது. மற்றவர்கள் ஐந்து கட்டு வழித்தால் அவள் ஒன்பது கட்டு.

"எதுக்கு இப்படி உயிரைக் கொடுக்கிறே?"

"நல்ல நாரா குடுத்தாத்தானய்யா நம்ம மனுவுக்கு மதிப்பு?"

மருந்துக் கொட்டகையில் களிம்பு இல்லை. வீட்டிலிருந்து கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீங்க நல்லாயிருக்கணுங்கய்யா" என்றாள்.

செப்டம்பர் 13. திங்கள்

"பதில் வந்திச்சா?"

"சயாமிலிருந்து கடிதம் வர நாளாகும், பாவாயி."

"மூணு மாசம் இந்த வாரத்தோட முடியுதுங்கய்யா."

"தெரியும்."

மேசை இழுப்பறையில் கரையான். தாள்களை எல்லாம் எடுத்து வெயிலில் போட்டேன். ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21. செவ்வாய்

காய்ச்சல். கொயினா மாத்திரை இல்லை.

அக்டோபர் 9. சனி

மூன்றாம் அறுவடை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்ததாம். ஒகுடா பிரியமாக இருந்தார், எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். கொட்டகையைச் சுற்றி வரும்போது கேட்டார்:

"அந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தது?"

"அவள் புருஷன்."

"எங்கே அவன்?"

"சயாமில்."

அவர் நின்றுவிட்டார். "உபயோகமான ஆளை ஏன் அனுப்பினாய்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மனு என் பையில் இருந்தது. தாள் மடிப்பு நெஞ்சில் குத்துவதுகூடத் தெரிந்தது. பாவாயி இருபதடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நாரை அலசிக்கொண்டிருந்தாள்.

"அவனாகப் போக விரும்பினான்" என்றேன்.

"முட்டாள்" என்றார் ஒகுடா. "முன்பே சொல்லியிருந்தால் முகாமுக்கு எழுதி வரவழைத்திருப்பேன். இப்போதுகூட எழுதலாம். பெயரும் நம்பரும் தா."

அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். மனுவைக் கொடுக்கவில்லை, பெயரும் நம்பரும் மட்டும். அது போதும். அவன் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வந்துவிடுவான்.

'இரண்டு மாதம் முன்பே இதை' என்று எழுத ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

நவம்பர் 6. சனி

ரெங்கசாமி திரும்பி வந்திருக்கிறான். சயாமிலிருந்து தப்பி, பாதி தூரம் நடை, பாதி தூரம் மூட்டைகளுக்கு அடியில் ஒளிந்து. ஜூன் மாதம் லோரியில் ஏறியபோது ஆள் ஆறடி. இன்று ஆபீஸ் பின்கதவைத் தட்டியவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண். இலையை வைத்துக் கட்டியிருந்தான்.

கஞ்சி குடித்தபிறகு ஒவ்வொரு பெயராகச் சொன்னான். முப்பத்து நான்கு பேரில் பத்தொன்பது பேர் உயிரோடு இல்லை.

"வையாபுரி?"

"பேதி கண்டிருச்சுங்க. ஒரே நாள். புரட்டாசி மூணாம் சனிக்கிழமை காலையில வேலைக்கு வந்தான், மறுநா விடியறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மூங்கிலக் குவிச்சு எரிச்சாங்க. சுத்தறதுக்குத் துணியில்ல. எங்க யாருகிட்டயும் துணியில்ல."

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, அக்டோபர் 2. நான் பெயரும் நம்பரும் கொடுத்தது 9-ஆம் தேதி. மனு எழுதியது ஆகஸ்ட் 2. ரெங்கசாமி பேசிக்கொண்டே இருந்தான். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எப்படி எண்ணினாலும் அறுபத்தொரு நாள்.

நவம்பர் 7. ஞாயிறு

ரெங்கசாமியை மருந்துக் கொட்டகையில் மறைத்துவைத்துவிட்டு, காலையில் பாவாயி லயத்துக்குப் போனேன். சேலை இன்று அவளிடம் இருந்தது. ஒச்சாயி கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஒச்சாயிதான் அலறினாள். வெளியே வர முடியாமல், கதவில் தலையை மோதி மோதி.

பிறகு பாவாயி கேட்டாள்: "மனு குடுத்து ரெண்டு மாசம் இருந்திச்சே, ஐயா. அந்த ஜப்பான்காரரு கண்டுக்கவே இல்லையா?"

ஒகுடா மேல் போட்டிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். பையிலிருந்து தாளை எடுத்து அவள் முன் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு தெரிந்தது.

"நான் கொடுக்கலை."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேரை எடுத்ததும் ஒகுடா இல்லை. நான்தான். துரைக்கண்ணு பேரைச் சேர்க்க ஒரு இடம் வேண்டியிருந்தது."

இதை ஐந்து மாதமாக எழுதாமல் இருந்திருக்கிறேன். இப்போது எழுதிவிட்டேன்.

"இருபது பேர்ல இவருதான் கெடச்சாரா உங்களுக்கு?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மற்றவர்கள் எல்லோருக்கும் ஊரில் அண்ணன் தம்பி, தோட்டத்தில் சொந்தபந்தம், கேள்வி கேட்க ஆள் உண்டு. வையாபுரிக்கு யாரும் இல்லை. அதுதான் காரணம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எண்ணெ கொண்டாந்து குடுத்தீங்களே" என்றாள். "போங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

நவம்பர் 8. திங்கள்

பாவாயி வேலைக்கு வரவில்லை. வெட்டிய தண்டுகள் கிடக்கின்றன. விஷயம் தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. பெரட்டில் பெயர் கூப்பிட்டேன். யாரும் "ஐயா" என்று சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கினார்கள்.

துரைக்கண்ணு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு ஏன் சொல்லல அத்தான்? அக்கா, நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டான். மங்களம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 9. செவ்வாய்

பாவாயி வந்துவிட்டாள். "நாரு கெட்டா எல்லாரும் சயாம். மத்த பத்தொம்பது வீடு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று மற்றவர்களிடம் சொன்னாளாம். துரைக்கண்ணு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பட்டை உரித்தான். அவள் எழுந்து போகவில்லை.

நவம்பர் 10. புதன்

ஒகுடா: "சயாமில் பாதை முடிந்துவிட்டது. பராமரிப்புக்கு ஆள் வேண்டும். இங்கிருந்து ஒருவன் போதும். எழுது."

ஒரே ஒரு பெயர். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சிதம்பரநாதன் என்று எழுதி, வயது முப்பத்தெட்டு, தொழில் கிராணி என்று எழுதி நீட்டினேன். நெஞ்சில் பல மாதத்துக்குப் பிறகு மூச்சு நிறைந்தது.

ஒகுடா படித்துவிட்டுச் சிரித்தார். என் பேனாவையே வாங்கி, என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"நீ போனால் கணக்கு யார் எழுதுவது? வேறு பெயர்."

கெஞ்சினேன். காலைத் தொட்டேன். அவருக்குப் புரியவில்லை, எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். "மாலைக்குள் வேறு பெயர். இல்லையென்றால் நான் ஐந்து பேரை எடுப்பேன்."

தாளை வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக நான் பார்க்கப் பார்க்க, ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாவாயி மட்டும் குனியவில்லை.

துரைக்கண்ணு கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"என் பேர எழுதுங்க அத்தான். அது ஜூன் மாசமே எழுத வேண்டிய பேரு."

"வேணாம் தம்பி" என்றாள் பாவாயி. "நீ போறதுனால அவரு வரப்போறதில்ல."

"நான் போகலேன்னா இவங்கள்ல ஒருத்தர் போகணுங்களே."

எழுதினேன்.

நவம்பர் 12. வெள்ளி

மங்களம் லோரிக்கு முன்னால் மண்ணில் விழுந்து கிடந்தாள். நான்கு பெண்கள் சேர்ந்து தூக்கினார்கள். என்னைக் கிட்டே வர விடவில்லை.

லோரி கிளம்பும் நேரம் பாவாயி கொட்டகைப் பக்கமிருந்து ஓடிவந்தாள். மடித்த துணி ஒன்றைத் துரைக்கண்ணுவின் கையில் திணித்தாள். ரமித் துணி. வழிக்கும்போது மூங்கிலில் ஒட்டிக்கொள்ளும் பிசிறுகளைச் சேர்த்துத் திரித்து, லயத்துக்குள்ளேயே குச்சிகளை வைத்து நெய்திருக்கிறாள். ஒரு வேட்டி அளவு. கரடுமுரடு, நிறமும் ஒரே சீராக இல்லை. எத்தனை மாத வேலை என்று தெரியவில்லை. பிடிபட்டிருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள்.

"அவரு வந்தா கட்டிக்கன்னு வச்சிருந்தேன். அங்க யாருகிட்டயும் துணியில்லையாம்" என்றாள். "மழையில நனைஞ்சா பயப்படாத. இந்த நாரு நனைஞ்சா இன்னும் கெட்டியாகும்."

துரைக்கண்ணு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். லோரி ஆற்றுப்பால வளைவில் மறைந்தது.

பாவாயி திரும்பினாள். என்னைக் கடந்துதான் போக வேண்டும். நின்றாள். ஏதாவது சொல்வாள், திட்டுவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தண்டு வெட்டி மூணு மணி நேரமாச்சு. ஆளுங்கள உள்ள அனுப்புங்க" என்றாள்.

அனுப்பினேன்.